சிறிய அரசும் பெரிய கதாசிரியரும்

ராஜாஜியை அரசியல்வாதி என்று ஒரு பக்கமும் எழுத்தாளர் என்று இன்னொரு பக்கமும் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவது நமக்குப் பழகிவிட்டது. அரசியல் பேசுகிறவர்கள் கதைகளைப் படிப்பதில்லை. கதைகளைப் படிக்கிறவர்கள் (இன்னும் யாராவது இருந்தால்) சுதந்திராக் கட்சியை ஒரு கிழவரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய சுதந்திரம் எதனால் ஆனது என்று தெரியும் என எனக்குப் படுகிறது.

1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ் கூட்டுறவு விவசாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே வருஷம், தன் 80வது வயதில், ராஜாஜி புதுக் கட்சி தொடங்கினார். 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று அவர் சொன்னதை வெறும் வசவாக எடுத்துக்கொண்டது நம் அறிவாளிகளின் சோம்பேறித்தனம். அதில் ஒரு தெளிவான பார்வை இருந்தது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஒருவனிடம் இருந்தால் வியாபாரி சந்தையைப் பார்க்கமாட்டான், டில்லியைப் பார்ப்பான். லைசென்ஸ் பெரிய முதலாளியைக் கட்டிப்போடுவதில்லை. அவனைச் சுற்றி வேலி போட்டுப் புதியவனை வெளியே நிறுத்துகிறது. கடன் மனுக்களை வாங்கி வைக்கும் உத்தியோகத்தில் இருக்கிற எனக்கு, மனு நீட்டும் கை எவ்வளவு சீக்கிரம் பணிவைக் கற்றுக்கொள்கிறது என்பது தெரியும். 1952ல் சென்னை முதல்வராக இருந்தபோது ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். பயமுறுத்தியவர்கள் சொன்ன மாதிரி எதுவும் நடந்துவிடவில்லை. 1991ல் காங்கிரஸ் அரசே தொழில் லைசென்ஸைப் பெரும்பாலும் கைவிட்டது. இந்த அளவில் கிழவர் ஜெயித்துவிட்டார்.

ஆனால் இதே மனிதர் 1937ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அரசின் கை எதுவரை நீளலாம் என்று ஆங்கிலத்தில் முதலில் கறாராகக் கேட்டவர்களில் ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859ல் வந்த தன் சுதந்திரம் பற்றிய நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்றே மதுவிலக்குதான். அமெரிக்காவில் மெய்ன் மாகாணம் போட்ட சட்டத்தைத் தனி மனிதன் சுதந்திரத்தில் நியாயமற்ற தலையீடு என்கிற மாதிரித்தான் அவர் பார்க்கிறார். மில்லை நன்றாகப் படித்திருக்கக்கூடிய ராஜாஜிக்கு இதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. 1938ல் கட்டாய ஹிந்தி. எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்ப வெள்ளைக்காரன் போட்டுவைத்த கிரிமினல் சட்டத் திருத்தம். 1953ல் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில். நாகபுரியில் யாரோ ஒருவன் எப்படிப் பயிரிட வேண்டும் என்று தீர்மானிப்பதைப் பொறுக்காதவர், குயவன் மகன் மத்தியானம் எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானித்தார்.

இங்கேதான் கதைகள் உதவுகின்றன. 1929ல் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து, கல்கியை உடன் வைத்துக்கொண்டு, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார். குடியையும் கடனையும் வைத்து அவர் எழுதிய 'திக்கற்ற பார்வதி'யைப் பாருங்கள். அந்த எளிமையான தமிழ் இன்றும் பொறாமைப்பட வைக்கிறது. ஆனால் கதாபாத்திரம் ஓரடிகூட ஆசிரியரின் பர்மிட் இல்லாமல் எடுத்துவைக்க முடியாது. கள்ளுக்கடைக்குப் போகிறவன் ஏன் போகிறான், அங்கே அவனுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. நாசமாவதற்கு மட்டும் அவனுக்கு லைசென்ஸ் உண்டு. புதுமைப்பித்தன் கதைகளில் மனிதர்கள் ஆசிரியரையே மீறிப் போய்விடுவதையும், அவர் அதை வேடிக்கை பார்ப்பதையும் நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். அரசியலில் சிறிய அரசு கேட்டவர், கதையில் முழு அதிகார ஆட்சி நடத்தினார்.

இதற்கு ராஜாஜியின் பதிலை ஊகிக்க முடியும்: குடிக்கு அடிமையானவன் சுதந்திர மனிதனே அல்ல, அவனை விடுவித்த பிறகுதான் சுதந்திரம் பற்றிப் பேச்சு. சிரித்து ஒதுக்கக்கூடிய பதில் இல்லை இது. 1974ல் ராபர்ட் நோஸிக் வரைந்து காட்டிய அரசு குடிகாரனைத் தொடாது. திருட்டு, வன்முறை, மோசடி, ஒப்பந்த மீறல் இவற்றைத் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அங்கே குடிக்கிறவன் சுதந்திரமாகக் குடிப்பான். பார்வதி சுதந்திரமாகத் திக்கற்றுப் போவாள். தர்க்கம் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ராஜாஜியின் பதிலை ஏற்றுக்கொண்டால், அரசின் எல்லையைக் கொள்கை தீர்மானிக்கவில்லை, யார் வயதுவந்தவன் என்ற மதிப்பீடுதான் தீர்மானிக்கிறது என்றாகிறது. ஆலை முதலாளிக்குத் தன் நன்மை தெரியும், நிலச் சொந்தக்காரனுக்குத் தெரியும். மரமேறிக்கும் அவனிடம் வாங்கிக் குடிப்பவனுக்கும் தெரியாது. நம்மிடையே அரசை வெறுக்கிற எழுத்தாளர்கள் பலர் இருக்கிறோம். தணிக்கையை வெறுக்கிறோம், பாடப்புத்தகக் கமிட்டியை வெறுக்கிறோம். நம் வெறுப்பிலும் இந்த மதிப்பீடு ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ராஜாஜி நல்ல கண்ணாடி.

மதுவிலக்கினால் போன வருமானத்தை ஈடுகட்ட அவர் 1939ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அந்த மாதிரி வரி அதுதான் முதல். 1971ல் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 1983ல் டாஸ்மாக் வந்தது, 2003ல் சில்லறைக் கடையும் அரசாங்கத்தின் கைக்கே போயிற்று. கள்ளுக்கடைக்குப் பதிலாக வந்த வரி, கடை திரும்பி வந்த பிறகும் போகவில்லை. 2017ல் மற்றச் சரக்குகளில் அநேகம் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டன. மாநிலத்தின் விற்பனை வரி தங்கியிருக்கிற சில இடங்களில் பெட்ரோல் ஒன்று, சாராயப் புட்டி இன்னொன்று.