பாதியில் மூடிய புத்தகம்

இளையோருக்கான டிஸ்டோபியா நாவல்களைப் புகழ இப்போது ஒரே வாக்கியம்தான் புழக்கத்தில் இருக்கிறது: எடுத்தால் கீழே வைக்க முடியாது. பதிப்பாளர் அதைப் பின்னட்டையில் போடுகிறார். மதிப்புரைக்காரர் அதையே முதல் வரியாக்குகிறார். என் அண்ணன் மகளும் அப்படிச் சொல்லித்தான் 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையை என் மேசைமேல் அடுக்கிவிட்டுப் போனாள். மூன்றையும் நான்கே நாளில் முடித்தேன். கூடவே எடுத்த ஒல்லியான பழைய நாவல் ஒன்றைப் பாதியில் மூடிவிட்டு ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. இரண்டில் எது பெரிய எழுத்து என்று கேட்டால், மூடிவைத்ததைத்தான் காட்டுவேன்.

ஸம்யாதின், ஹக்ஸ்லி, ஆர்வெல் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; அவர்கள் எழுதியவை பெரியவர்களின் துர்க்கனவுகள். கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' (1954) சிறுவர்களைப் பற்றியது, சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. அந்தக் கனவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தவர்களில் ஜான் கிறிஸ்டோபர் முக்கியமானவர். 'தி வைட் மவுண்டன்ஸ்' (1967) நாவலில் பதினான்கு வயதை நெருங்கும் பிள்ளைகளின் தலையில் உலோகக் கவசம் பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகு எதிர்க்கும் எண்ணமே வராது. ராபர்ட் சி. ஓ'பிரையன் எழுதி முடிக்காமலே இறந்துபோக, அவருடைய குறிப்புகளை வைத்து மனைவியும் மகளும் நிறைவுசெய்த 'இசட் ஃபார் ஸகரையா' 1974இல் வந்தது. அணுப்போருக்குப் பின் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பெண், வந்து சேரும் ஓர் ஆண். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அதே 1974இல் வந்ததுதான் நான் மூடிவைத்த நாவல்: வில்லியம் ஸ்லேட்டர் எழுதிய 'ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்'. பதினாறு வயது அநாதைகள் ஐந்து பேரைச் சுவரோ கூரையோ தெரியாத ஓரிடத்தில் விட்டுவிடுகிறார்கள். எங்கு பார்த்தாலும் படிக்கட்டு. குடிக்கவும் கழிக்கவும் ஒரே நீர்த்தொட்டி. உணவு கொடுக்க ஓர் இயந்திரம். முதலில் நாக்கை நீட்டினால் கொடுக்கிறது. பிறகு விளக்கு மினுக்கும்போது குறிப்பிட்ட முறையில் ஆடினால் கொடுக்கிறது. இதுவரைக்கும் வாசகனுக்கும் ஒரு வேடிக்கைதான். பிறகு ஆட்டம் போதவில்லை. ஒருவரை ஒருவர் காயப்படுத்தினால்தான் உணவு விழுகிறது. 'அடிக்கவேண்டும்' என்று எந்தக் குரலும் கட்டளையிடுவதில்லை. பசியோடு இருப்பவர்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடினேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் அல்ல, தெரிந்துவிட்டதால். நான் அங்கே இருந்திருந்தால் யாரை முதலில் கிள்ளியிருப்பேன் என்றுகூடத் தெரிந்துவிட்டது.

ஸ்லேட்டர் இந்நாவலைத் ஏற்கனவே அங்கே போய்வந்த எலிகளுக்கும் புறாக்களுக்கும் சமர்ப்பித்திருக்கிறார். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்தை அறிந்தவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். சரியான நேரத்தில் ஒரு தானியம் விழுந்தால் புறா எதையும் கற்றுக்கொள்ளும்.

இனி 'தி ஹங்கர் கேம்ஸ்' எழுதிய காலின்ஸுக்கு வருகிறேன். சுசான் காலின்ஸ் சிறுவர் தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகியவர். கணக்கு அவருக்கு அத்துப்படி. முதல் நாவலில் (2008) மூன்று பாகம், பாகத்துக்கு ஒன்பது அத்தியாயம், அநேகமாக ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி. தொடர்கதைகளில் வளர்ந்த நமக்குக் கொக்கி ஒன்றும் புதிதல்ல. 'அடுத்த இதழில்' என்று கல்கி நம்மை ஒரு வாரம் காக்கவைத்தார். ஆனால் அந்த ஒரு வாரம் நம்முடையதாக இருந்தது. பதினெட்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஒருவர் மட்டுமே உயிரோடு மிஞ்சவேண்டிய அந்த ஆட்டத்தில் ரூ என்ற சிறுமி சாகிறாள். நாயகி காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். வரிசையிலேயே மிகச் சிறந்த பக்கங்கள் அவை. அந்தக் கண்ணீர் காய்வதற்குள், அதே அத்தியாயத்திலேயே விதி மாறிவிட்டதாக அறிவிப்பு வருகிறது, இனி இருவர் வெல்லலாம். காட்னிஸ் தன் ஊர்க்காரன் பீட்டாவின் பெயரைக் கூவுகிறாள், அத்தியாயம் முடிகிறது. நான் பக்கத்தைப் புரட்டினேன். ரூவை அங்கேயே விட்டுவிட்டேன். சாவை வேடிக்கை பார்க்கும் தலைநகரத்துக் கூட்டத்தைச் சாடும் நாவல், என்னை அந்தக் கூட்டத்திலேயே ஒரு நல்ல நாற்காலியில் உட்காரவைத்தது.

காலின்ஸைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. தாய்லாந்தில் 2014 ராணுவப் புரட்சிக்குப் பின்னும், மியான்மரில் 2021இலும் இளைஞர்கள் மூன்று விரலை உயர்த்தி நின்றது அவர் கதையிலிருந்து வந்த சைகைதான். இதைச் செய்துகாட்டிய இளையோர் நாவல் வேறு எது? அவர் வழியில் வந்தவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) மனிதர்களை ஐந்து கூட்டமாகப் பிரித்து, நீ எந்தக் கூட்டம் என்று வாரப் பத்திரிகைப் புதிர்ப் பக்கம்போலக் கேட்கிறது. திரைப்பட வரிசை 2016இல் மூன்றாவது படத்தோடு படுத்தது. கடைசிப் படம் வரவேயில்லை. யாரும் அழுததாகத் தெரியவில்லை.

நடுவில் வேறொரு பாதை இருந்தது. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) பெரும்பகுதி மெதுவாகவே நடக்கிறது. முக்கால் பங்கு தாண்டியபின், நாயகச் சிறுவனின் அன்பான தந்தை, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததற்குக் கொஞ்சுகுரலில் பேசிக்கொண்டே ஊசி போடுகிறார். அந்த ஊரார் சொல்லிவந்த 'விடுவித்தல்' என்ற சொல்லின் பொருள் மகனுக்கும் நமக்கும் ஒரே நொடியில் விளங்குகிறது. எம். டி. ஆண்டர்சனின் 'ஃபீட்' (2002) நாவலில் எல்லார் மூளையிலும் விளம்பரம் ஓடும் கருவி. வயலட் என்ற பெண் தன்னைக் கணிக்க முடியாதபடி வேண்டுமென்றே தாறுமாறாகப் பொருள் கேட்கிறாள். பின்னர் கருவி பழுதாகி அவள் சாகக் கிடக்கும்போது, வாங்கும் பழக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்று நிறுவனம் உதவ மறுக்கிறது. கைப்பேசி எல்லார் பையிலும் வருமுன் எழுதப்பட்டது இது. இரண்டிலுமே என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இளையோருக்கு எழுத வருபவர்கள் இந்தப் பாதையில் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி. நாற்பது பக்கத்துக்கு ஒருமுறையாவது வாசகப் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்க்கட்டும்.

ஒரு வாரம் கழித்து 'ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்' மீதியைப் படித்தேன். லோலாவும் பீட்டரும் இயந்திரத்தை விட்டு விலகிப் பட்டினி கிடக்கிறார்கள். மற்ற மூவரும் தேறிவிடுகிறார்கள். கடைசியில் எல்லாரும் வெளியே வருகிறார்கள். தெருமுனையில் போக்குவரத்து விளக்கு மினுக்குகிறது. மூவரும் ஆடத் தொடங்குகிறார்கள்.

புத்தகத்தை அண்ணன் மகளிடம் கொடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இன்னும் பாதியில்தான் இருக்கிறாளாம்.