தலையில்லாத காசும் பெயரில்லாத பதக்கமும்

1

நாம் ‘பூவா தலையா’ என்று கேட்பதை அயர்லாந்தில் ‘தலையா யாழா’ என்று கேட்பார்கள். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் ஹார்ப் என்கிற அவர்களுடைய யாழ் என்று இருந்த பழைய காசுகளிலிருந்து வந்த வழக்கு. வேடிக்கை என்னவென்றால், 1928 டிசம்பரில் ஐரிஷ் சுதந்திர அரசு தனக்கென்று முதன்முதலாக வெளியிட்ட எட்டு காசுகளில் ஒன்றில்கூடத் தலை கிடையாது. ஒரு பக்கம் யாழ். மறுபக்கம் குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டைநாய், முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி, வுட்காக் என்கிற காட்டுப் பறவை. அவ்வளவுதான்.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. 1916 ஈஸ்டர் எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அதே டப்ளினில் வாழ்ந்துகொண்டிருந்தன. சட்டப்படி பிரிட்டிஷ் மன்னர்தான் இன்னும் நாட்டின் தலைமை. மன்னர் தலையைப் போட்டிருக்கலாம், தியாகி தலையைப் போட்டிருக்கலாம். ரெண்டும் வேண்டாம், கோழி போதும் என்று முடிவெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

ஐரிஷ் நாணயம் சேர்ப்பவர்களில் பலர் பதக்கங்களும் சேர்ப்பார்கள். ரெண்டுமே வட்டமான உலோகம், ரெண்டிலும் வருஷம் இருக்கு, ரெண்டும் ஒரே ஏலத்தில் விலை போகும். அதனால் ரெண்டும் ஒரே சாதி என்று தோன்றிவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு என்பது யாருடைய பெயரும் இல்லாமல் கைமாறுவதற்காகச் செய்யப்பட்டது. பதக்கம் ஒரே ஒரு ஆளிடம் போய் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அயர்லாந்து முதலாவதை அபாரமாகச் செய்தது, இரண்டாவதில் தடுமாறியது. சேகரிப்புச் சந்தையோ இந்த இரண்டையுமே தலைகீழாக மதிப்பிடுகிறது.

2

1928-க்கு முந்தைய ஐரிஷ் காசுகள் பெரும்பாலும் அடுத்தவர் கை வைத்த காசுகள். முதல் காசே நகல்தான். சுமார் 997-இல் டப்ளினை ஆண்ட நார்ஸ் மன்னன் சிட்ரிக், அன்றைய இங்கிலாந்து வெள்ளிப் பென்னியைப் பார்த்து அப்படியே அடித்தான். யாழ் வந்தது எட்டாம் ஹென்றி காலத்தில். அந்த யாழின் இரு பக்கமும் ஹென்றியின் முதலெழுத்தும் அப்போதைய ராணியின் முதலெழுத்தும் இருக்கும். ஆன் போலினுக்கு ஒரு காசு, ஜேன் சீமோருக்கு ஒரு காசு, கேத்தரின் ஹோவர்டுக்கு ஒரு காசு. ராணியின் கழுத்து போனால் எழுத்தும் போகும். அயர்லாந்தின் சின்னத்தில் லண்டன் அரண்மனையின் கல்யாண விவரம்!

1689-இல் பதவியிழந்த இரண்டாம் ஜேம்ஸ் அயர்லாந்தில் வந்திறங்கி, கிரீடத்தைத் திரும்பப் பிடிக்கப் போர் தொடங்கினார். சம்பளம் கொடுக்க வெள்ளி இல்லை. பழைய பீரங்கி, மணி, சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் உருக்கிப் பித்தளைக் காசு அடித்தார்கள். ‘பீரங்கிப் பணம்’ என்று அதற்குப் பெயர். அதில் வருஷத்தோடு மாதமும் பொறித்திருக்கும். ஜெயித்த பிறகு பித்தளையை வாங்கிக்கொண்டு வெள்ளி தருவோம் என்பது வாக்குறுதி. ஜேம்ஸ் தோற்றார். 1690-க்குப் பிறகு அறுபது பென்னி பெறுமானமுள்ள கிரவுன் காசு ஒற்றைப் பென்னிக்கு இறங்கியது. செல்லாக்காசு என்று நாம் சும்மா ஒரு வசவாகச் சொல்கிறோம். அங்கே அது மாதக்கணக்கோடு பதிவாகியிருக்கிறது.

அடுத்தது வுட் விவகாரம். 1722-இல் அயர்லாந்துக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமை வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய வியாபாரிக்குப் போனது. ஐரிஷ் நாடாளுமன்றத்தை யாரும் கேட்கவில்லை. 1724-இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் வேஷத்தில் ‘டிரேப்பியர் கடிதங்கள்’ எழுதினார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அறிவித்தார்கள். ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 1725-இல் வுட்டின் உரிமை ரத்தானது. கலிவர் கதையை மட்டும் படித்துவிட்டு ஸ்விஃப்டைக் குழந்தைகள் எழுத்தாளர் என்று நினைப்பவர்கள் இந்த அரைப்பென்னியையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஐரிஷ்காரர்களுக்குக் காசில் இருக்கும் தலை என்பது எப்போதும் வேறு யாரோ. 1928-ஐ இந்தப் பின்னணியில்தான் பார்க்கணும்.

3

1926-இல் நாணய வடிவமைப்புக்கு ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் டபிள்யூ. பி. யேட்ஸ். அப்போது அவர் செனட் உறுப்பினர், நோபல் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அரசு தரப்பில் வந்த நிபந்தனைகள் மூன்று: பெரும்பாலான காசுகளிலாவது யாழ் இருக்கணும், எழுத்து ஐரிஷ் மொழியில் மட்டும், நவீன காலத்து மனிதர் உருவம் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழு ஒரே விஷயத்தை எல்லாக் காசுகளிலும் தொடரலாம் என்று முடிவுசெய்து, பறவை விலங்குகளுக்கு வந்தது. போட்டிக்கு அழைத்த சிற்பிகளுக்குப் பழைய கிரேக்கக் காசுகளின் படங்களையும் கார்தேஜ் காசு ஒன்றின் படத்தையும் மாதிரிக்கு அனுப்பினார்கள். ஐரிஷ் சிற்பிகளும் இருந்தார்கள், குரோஷியாவின் மெஷ்ட்ரோவிச், ஸ்வீடனின் கார்ல் மில்லஸ் போன்ற பெரிய கைகளும் இருந்தன. தேர்வானவர் பெர்சி மெட்காஃப், ஓர் ஆங்கிலேயர். அடித்ததும் லண்டன் அரச நாணயச்சாலை. சும்மா விடுவார்களா? ஆங்கிலேயன் வரைந்து, இங்கிலாந்தில் அடித்து, நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாட் கான் கடுமையாக எழுதினார். யேட்ஸ் வாழ்நாள் முழுக்கக் காதலித்த அதே மாட் கான்தான். கடவுளும் புனிதரும் இல்லாத காசு பேகன் காசு என்று மதப்பற்றாளர்கள் ஒரு பக்கம். விவசாயத் துறையின் நிபுணர்கள் இன்னொரு பக்கம்: காளையின் உடம்பு சரியில்லை, பன்றியின் வாகு சரியில்லை, நல்ல இனக் கால்நடைக்கு இது உதாரணமாகாது. மாற்றினார்கள். யேட்ஸ் பிறகு இதைப் பற்றி நக்கலும் வருத்தமுமாக எழுதினார்.

கவிஞர் பக்கமே சாய்ந்து பேசுவது நமக்குப் பழக்கம். எனக்கு விவசாயத் துறையின் குறுக்கீடு அவ்வளவு அபத்தமாகப் படவில்லை. ஒரு விவசாயியின் கையில் தினமும் புழங்கப்போகும் பன்றி அது. அவன் அதைப் பன்றியாகத்தான் பார்ப்பான், கிரேக்கச் சிற்பமாக இல்லை. ஐரிஷ் பேச்சு வழக்கில் பன்றிக்கு ‘வாடகை கட்டும் கனவான்’ என்றே பெயர். பன்றியை விற்றுத்தான் நிலச்சுவான்தாருக்கு வாடகை கட்டுவார்கள்.

இந்தத் தொடரை வர்க்க வரிசையாகவும் படிக்கலாம். வேட்டைக்குப் போகும் பெரிய வீட்டுக் குதிரை உயர்ந்த அரைக்கிரவுனில். ஏழை வீட்டு முற்றத்தில் மேயும் கோழி பென்னியில், பன்றி அரைப்பென்னியில். யேட்ஸின் பிரபுத்துவ ஆசை இங்கே அப்பட்டமாகத் தெரியுது. ஆனால் காசு அவர் கையை மீறிவிட்டது. அதிகம் புழங்கியது கோழிதான். குதிரையை எப்போதாவது பார்த்தவர்கள் கோழியைத் தினமும் தடவினார்கள்.

சேகரிப்புச் சந்தை சறுக்குவதும் இதே இடத்தில்தான். சந்தைக்குப் பிடித்த வார்த்தை ‘யு.என்.சி.’, அதாவது புழக்கத்துக்கே வராத காசு. யார் கையும் படாமல் பளபளவென்று இருந்தால் உச்ச விலை. 1943-ஆம் வருஷ அரைக்கிரவுனும் ஃப்ளோரினும் பெரும்பாலும் வெளியே வராமலே உருக்கப்பட்டன. தப்பித்தவை சில, அதனாலேயே அவற்றுக்கு அலைகிறார்கள். அபூர்வத்துக்கு விலை இருப்பது நியாயம்தான். பளபளப்புக்கும் ஒரு நியாயம் உண்டு: மெட்காஃபின் உளி என்ன செய்தது என்று முழுசாகப் பார்க்க யு.என்.சி. வேண்டும். ஆனால் காசு வேலை செய்ததா என்று பார்க்க, இறகு மழுங்கி, குஞ்சுகள் வெறும் புடைப்பாகிப்போன கோழிப் பென்னி வேண்டும். முதலாவது வடிவமைப்பின் சாட்சி, இரண்டாவது வாழ்க்கையின் சாட்சி. சந்தையின் விலைப்பட்டியலில் இரண்டாவதுக்கு இடமே இல்லை.

4

பதக்கத்துக்கு வருவோம். இலக்கிய வாசகருக்கு அறிமுகமான ஒன்றிலிருந்தே தொடங்கலாம். 1904-இல் டப்ளின் ஃபெஷ் கியோல் இசைப் போட்டியில் 22 வயது இளைஞன் ஒருவன் பாடினான். நல்ல டெனர் குரல். ஸ்வரத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாடச் சொன்ன சுற்றில் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். கிடைத்தது வெண்கலம். அவன் ஜேம்ஸ் ஜாய்ஸ். பதக்கத்தை லிஃபி ஆற்றில் வீசிவிட்டான் என்று ஒரு கதை ரொம்ப நாள் உலவியது. பதக்கமோ பின்னாளில் ஏலத்துக்கு வந்தது. அதே ஆண்டில் அதே போட்டியில் மற்றவர்கள் வாங்கிய பதக்கங்களை இன்று யார் தேடுகிறார்கள்? உலோகம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. பதக்கத்தின் மொத்த அர்த்தமும் அந்தப் பெயரில் இருக்கிறது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் சுமார் 2 லட்சம் ஐரிஷ்காரர்கள் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்த போர்ப் பதக்கத்தின் விளிம்பில் ஒவ்வொருவர் பெயரும் பொறித்திருக்கும். செத்தவர்களின் குடும்பத்துக்கு வெண்கலத் தட்டு ஒன்று வந்தது. அதில் பெயர் மட்டும், பதவி கிடையாது. சனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘செத்தவன் காசு’. காசுக்கும் பதக்கத்துக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு கசப்பாக ஒரே சொல்லில் யாரும் சொன்னதில்லை.

எழுச்சிக்குக் கால் நூற்றாண்டு ஆனபோது, 1941-இல், ஐரிஷ் அரசு 1916 பதக்கத்தை உருவாக்கியது. நடுவில் புராண வீரன் குஹுலின் சாகும் காட்சி. டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் நிற்கும் ஆலிவர் ஷெப்பர்டின் சிலையிலிருந்து எடுத்தது. அடுத்து 1917–21 விடுதலைப் போருக்கான பதக்கம். அதன் ரிப்பன் பாதி கறுப்பு, பாதி பழுப்பு. 1920-இல் பிரிட்டன் இறக்கிய ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ போலீஸ்காரர்களின் நிறம். எதிரியின் நிறத்தை நெஞ்சில் குத்திக்கொள்வது! நேரடியாகச் சண்டையிட்டதாக ஏற்கப்பட்டவர்களுக்கு ரிப்பனில் ‘கோம்ராக்’, அதாவது போர், என்ற பட்டை இருக்கும். மற்றவர்களுக்குப் பட்டை இல்லாத பதக்கம்.

உயிரோடிருந்த வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறிக்கவில்லை. ஒரே தெருவில் ரெண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். பேரரசுக்காகப் போனவன் பதக்கத்தில் பெயர் இருக்கிறது, குடியரசுக்காகப் போனவன் பதக்கத்தில் இல்லை. இதன் விளைவு இன்றைக்கும் தொடர்கிறது. பெயரில்லாததால் போலி செய்வது சுலபம். வீட்டில் பெரியவர் இறந்து, பதக்கம் ஒரு பக்கமும் கடிதங்கள் இன்னொரு பக்கமும் போய்விட்டால், அது யாருடையது என்று அந்தப் பதக்கத்தை வைத்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

யார் போராளி என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. மார்கரெட் ஸ்கின்னிடர் 1916-இல் துப்பாக்கியோடு சண்டையிட்டுக் குண்டடிபட்டவர். 1925-இல் ஓய்வூதியம் கேட்டார். சட்டம் சொல்லும் சிப்பாய் ஆண் சிப்பாய்தான் என்று மறுத்தார்கள். பெண்களுக்கும் இடம் கொடுத்த 1934 சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது. பதக்கத்தில் இருக்கும் பட்டையை வெறும் விலைக்காகப் பார்ப்பவர்கள், அந்தப் பட்டை யாருக்குக் கிடைத்தது, யார் மனுப்போட்டு அலைந்தார்கள் என்றும் பார்க்கணும். ஐரிஷ் ராணுவ ஆவணக்காப்பகம் 2014 முதல் ஓய்வூதியக் கோப்புகளை இணையத்தில் வெளியிட்டு வருகிறது. பெயரில்லாத உலோகத்துக்குப் பெயர் தேடிக் கொடுக்கும் வழி இப்போது இருக்கிறது.

5

1966-இல், எழுச்சியின் பொன்விழாவுக்கு, அரசு பத்து ஷில்லிங் வெள்ளிக்காசு ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் பாட்ரிக் பியர்ஸின் தலை. மறுபக்கம் பதக்கத்தில் வந்த அதே குஹுலின். யாழ் இல்லை. நவீன மனிதர் உருவம் கூடாது என்ற பழைய நிபந்தனை காற்றில் போச்சு. 20 லட்சம் அடித்தார்கள். சிலர் நினைவுப்பொருளாக எடுத்து வைத்தார்கள், மிச்சம் திரும்பி வந்தது, பாதிக்கு மேல் உருக்கினார்கள். ஏற்கெனவே பத்து ஷில்லிங் நோட்டு இருந்தது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் காசைக் கையில் எடுத்தால் இன்னொன்றும் தெரியும்: அது காசு வேஷம் போட்ட பதக்கம். தியாகியின் முகத்தைக் கொடுத்து ரொட்டி வாங்க யாருக்கு மனசு வரும்?

பன்றியைக் கொடுத்து வாங்கலாம். யேட்ஸ் குழு புரிந்துகொண்டது இதைத்தான். நாயகர்களைக் காசிலிருந்து விலக்கியது அவர்களை மறப்பதற்காக இல்லை, சில்லறையாக்காமல் இருப்பதற்காக. அந்த நாயகர்களுக்கு உரிய இடம் பதக்கம். அங்கே பெயரைப் பொறிக்காமல் விட்டதுதான் நிஜமான மறதி.

சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை சுருக்கமானது. காசு வாங்கினால் பளபளப்பானது ஒன்று, தேய்ந்தது ஒன்று என்று ஜோடியாக வாங்குங்கள். தேய்ந்த கோழிப் பென்னி அதிக விலை இல்லை. அதைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள், அந்த அழுக்கும் சரித்திரம்தான். பதக்கம் வாங்கினால் கூடவே காகிதத்தைக் கேளுங்கள். கடிதம், மனு, ஒரு போட்டோ, ஏதாவது. காகிதம் இல்லாமல் வந்தால் கோப்புகளில் தேடுங்கள், கண்டுபிடித்ததை எழுதி அதோடு வையுங்கள். அடுத்து விற்கும்போது ரெண்டையும் சேர்த்தே விற்றுவிடுங்கள்.

2002-இல் யூரோ வந்தது. ஐரிஷ் யூரோவின் எட்டு காசுகளிலும் ஒரே யாழ்தான். எழுபது வருஷத்துக்கும் மேலாகக் கையில் புரண்ட விலங்குகள் எல்லாம் மொத்தமாக ஆல்பத்துக்குள் போய்விட்டன. அந்த நாட்டுக் காசை இப்போது சுண்டினால் யாழ் விழும், இல்லையென்றால் ஐரோப்பாவின் வரைபடம். தலை இன்னமும் இல்லை.