அபிப்பிராயமும் அணியும்

ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் 'மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்' என்று எழுதப்படுகிறது. மக்கள் என்பது ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு மனசு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அது மாறும் அல்லது மாறாது என்கிற பாவனை இது. 2019 மக்களவைத் தேர்தலில் பாரதீய ஜனதாவுக்கு விழுந்த ஓட்டு 37 சதவீதத்துக்குச் சற்று மேல், இடங்கள் 303. 2024இல் ஓட்டு சுமார் 36½ சதவீதம், இடங்கள் 240. ஓட்டில் ஒரு சதவீதத்தை ஒட்டிய சரிவு, இடங்களில் 63. உடனே தேசத்தின் மனம் திரும்பிவிட்டது என்று பேசினார்கள். அதே 2024இல் தமிழ்நாட்டின் 39 இடங்களும் ஓர் அணிக்கே போயின. அந்த அணியின் ஓட்டு சுமார் 47 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு எங்கோ போட்டிருக்கிறார்கள். பல அணிகளாகச் சிதறியதால் அவர்கள் தரப்பில் ஒருவர்கூட இல்லை. பிறகு தமிழ்நாடு இப்படித்தான் நினைக்கிறது என்கிறோம்.

கணக்கின் கோளாறு மட்டும்தான் என்றால் தேர்தல் சட்டம் படித்தவர்களிடம் விட்டுவிடலாம்.

1970களின் தொடக்கத்தில் பியர் பூர்தியூ, பொதுஜன அபிப்பிராயம் என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டார். எல்லோருக்கும் எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு, எல்லா அபிப்பிராயங்களுக்கும் ஒரே எடை, கேட்கத் தகுந்த கேள்விகள் எவை என்பதில் எல்லோரும் உடன்பட்டிருக்கிறார்கள் - கருத்துக் கணிப்பு இம்மூன்றையும் விசாரணையின்றி ஏற்றுக்கொள்கிறது என்பது அவர் வாதம். மூன்றாவதுதான் விஷமமானது. தனக்குத் தோன்றியே இராத கேள்விக்கு ஒருவன் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுகிறான். சொன்ன பிறகு அந்தப் பக்கத்தவனாகிவிடுகிறான். ஆனால் பூர்தியூவும் கேள்வி கேட்கப்படும் கட்டத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார். யாரும் எதையும் கேட்காமலேயே ஒருவன் ஒரு பக்கத்தில் வைக்கப்பட்டுவிடுவது உண்டு. பக்கம் முதலில், அபிப்பிராயம் வந்தால் வரும்.

இதற்கு சமூகவியலைவிட நல்ல சாட்சியம் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைவதை ஒட்டிய காலம். செகந்திராபாத் தமிழ்ப் பையன் சந்திரசேகரனுக்கு கிரிக்கெட் உண்டு, வீட்டு மாடு உண்டு, கல்லூரி உண்டு. நிஜாம் பற்றியோ இந்திய யூனியன் பற்றியோ அவனிடம் திரட்டிச் சொல்லத்தக்க கருத்து எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் துண்டுகள், முரண்பட்டவை. கணிப்பாளன் போயிருந்தால் 'தெரியாது' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு வந்திருப்பான். கடைசியில், கலவரத்தின் நடுவே, அவன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் நிற்கிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் அவன் முன் உடையைக் களைகிறாள். அவள் அவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. அவன் யார் என்பது வாசலிலேயே முடிவாகிவிட்டது. அவன் ஓடுகிறான்.

அசோகமித்திரனிடம் அரசியல் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். அரசியல் என்றால் நிலைப்பாடு என்று ஆகிவிட்டதன் விளைவு இது. நம் பத்திரிகைகளில் வரும் அரசியல் கவிதைகளைப் பாருங்கள். பெரும்பாலானவை யாரோ கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று போடப்பட்ட ஓட்டுகள். கவிஞன் எந்த அணி என்பது இரண்டாவது வரியில் தெரிந்துவிடுகிறது. மீதி வரிகள் அதற்குக் கைதட்டல். விமர்சனமும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான்: புத்தகத்தின் அட்டையைப் பார்த்தே மதிப்புரை எழுதிவிடலாம், சிலர் எழுதுகிறார்கள். இவர்கள் யாரையும் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொல்லும் பக்கம் சரியான பக்கமாகவே இருக்கலாம், பல சமயம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டு வாசலில் தான் யாராகத் தெரிவோம் என்ற கேள்வி இக்கவிதைகளுக்குள் நுழைவதே இல்லை. எழுதுகிறவன் எப்போதும் அந்தப் பெண்ணின் தரப்பில் நின்றே பேசுகிறான். உள்ளே வந்து நிற்பவன் வேறு யாரோ.

சமீபத்தில் வாசித்தவற்றில் இரண்டே கவிதைகள் இதற்கு விலக்கு. இரண்டுமே அவற்றை எழுதியவர்களின் தோழர்களுக்குப் பிடிக்கவில்லை. அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.