தேடாமல் கிடைத்த கட்டி

வளைகுடா வேலைக்கு மருத்துவச் சான்று வாங்கப் போன இளைஞரின் எக்ஸ்ரேயில், முதுகெலும்பை ஒட்டி உருண்டையாக ஒரு நிழல். இருமல் இல்லை, வலி இல்லை. கொரோனா காலத்தில் நுரையீரலைப் பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேன்களிலும் இப்படி எதிர்பாராத கட்டிகள் தென்பட்டன. பெரியவர்களுக்கு அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் நரம்பின் உறையில் முளைக்கும் ஷ்வான்னோமா. மெதுவாக வளரும், புற்றாக இருப்பது அரிது. (குழந்தைகளின் நிலை வேறு. அது நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம் என்பதால் அங்கே தாமதம் கூடாது.)

கண்டவுடன் எடுத்துவிடுவதுதான் நெடுநாள் மருத்துவ வழக்கம். அதில் நியாயம் உண்டு. கட்டியை வெளியே எடுத்துச் சோதித்தால்தான் அதன் வகை ஐயமின்றித் தெரியும். பத்தில் ஒன்று முதுகெலும்பின் இடைத்துளை வழியே உள்ளே நுழைந்து, டம்பெல் போல இருபுறமும் பருத்திருக்கும்; வளரவிட்டால் தண்டுவடத்தை நெருக்கும். சிறிதாக இருக்கும்போது எடுப்பது எளிது. 1990களில் கேமரா வழி அறுவை பரவியதும், விலாவை விரித்து நெஞ்சைத் திறந்த இடத்தில் இரண்டு மூன்று துளைகளே போதுமென்றாயிற்று. நோயாளி சில நாட்களில் வீடு திரும்புகிறார். இது பெரிய பேறு.

என் கவலையும் இந்த எளிமையிலிருந்தே தொடங்குகிறது. கட்டி நெஞ்சின் உச்சியில், பரிவு நரம்பு முடிச்சுக்கு அருகில் இருந்தால், எவ்வளவு சிறிய துளை வழியே எடுத்தாலும் அந்த நரம்பு காயப்படலாம். பிறகு ஒரு பக்கக் கண்ணிமை தொங்கும், கண்மணி சுருங்கும், முகத்தின் அந்தப் பாதி வியர்க்காது. சிலருக்கு இது நிலைத்துவிடும். விலா நரம்பை வெட்ட நேர்ந்தால் மரத்துப்போன தோலோ, மாதக்கணக்கில் எரியும் வலியோ மிஞ்சலாம். ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தவருக்கு இவை சிறிய இழப்புகள் அல்ல. உறையைக் கீறிக் கட்டியை மட்டும் பிதுக்கியெடுத்து நரம்பிழைகளைக் காக்கும் முறை உண்டு. உச்சிக் கட்டிகளில் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

சி.டி. இருக்கிறதே என்று எம்.ஆர்.ஐ.யைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டுவடக் கால்வாய்க்குள் கட்டி நீண்டிருப்பதை அறுவை மேசையில் கண்டுபிடிப்பது ஆபத்து. ரத்த அழுத்தம் திடீர் திடீரென ஏறுபவருக்கு, கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கிறதா என்ற சோதனையும் முன்பே வேண்டும். பெட் ஸ்கேனில் பிரகாசமாகத் தெரிவதைப் புற்றென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சாதுவான ஷ்வான்னோமாவும் அப்படி ஒளிரும்.

இவையெல்லாம் பார்த்தபின், கட்டி சிறியது, கால்வாயைத் தொடவில்லை, வயதும் கூடியவர் என்றால், சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்ச்சியை அளக்கலாம். மருத்துவர் இதையும் ஒரு வழியாக நோயாளியின் முன் வைக்க வேண்டும். சான்றுக்காக வந்த அந்த இளைஞருக்கு ஒருவேளை அறுவையே சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அவரை அவசரப்படுத்துவது விமானப் பயணத் தேதி. கட்டிக்கு அந்த அவசரம் இல்லை என்பதை அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.