பட்டறிவும் ஆய்வுநிதியும்: தலவிலக் கரையிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, தலவில என்னும் ஊரில், புனித அன்னம்மாள் திருத்தலம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் மார்ச்சிலும் ஓகஸ்ற்றிலும் அங்கு நிகழும் பெருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் பிற சமயத்தவரும் பெருந்தொகையினராகத் திரள்வர். நேர்த்திக்கடன் தீர்க்க வருவோரும் உளர். தீராத துயரொன்றை ஒப்புவித்துச் செல்ல வருவோரும் உளர். நித்திரையின்மை, காரணந் தெரியாத அச்சம், இழப்பொன்றின் பின் பேச்சடங்கிப்போன நிலை ஆகியன வைத்தியசாலைக்குச் செல்லுமுன்னரோ சென்ற பின்னரோ இத்தகைய தலங்களுக்கும் கொண்டுவரப்படுகின்றன. இதனை மூடநம்பிக்கையென ஒதுக்கிவிடுதல் இலகு; மரபுவழி ஞானமெனப் போற்றிவிடுதலும் இலகு. இவ்விரண்டுக்கும் முன்னதாக எழவேண்டிய வினா வேறொன்றென நாம் கருதுகின்றோம். இத்துயர் பற்றிய அறிவை உருவாக்கும் உரிமை எவருடையது? அவ்வறிவை உருவாக்குதற்கான பணம் எவர் கையிலுள்ளது?

மனநோயைத் தாமே அனுபவித்த உளவியலாளர்கள் தலைமைதாங்கும் ஆய்வுகளுக்கெனத் தனி நிதி ஒதுக்கப்படல் வேண்டும் என்ற கோரிக்கை அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வருகின்றது. அதன் நியாயத்தையும் அதன் வரையறைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'பட்டறிவு' என்ற சொல் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பட்டு அறிதல், அதாவது துன்பத்தினூடாக அறிதல், என்பது அதன் பொருள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம்மவர் கூறுவதும் இதனையே. ஆயினும் மனநோயைப் பொறுத்தவரை இப்பட்டறிவு அறிவாகக் கொள்ளப்பட்டதில்லை. அது நோயாளியின் 'கூற்று'. வைத்தியரின் குறிப்பேட்டில் இடம்பெறும் மூலப்பொருள். மூலப்பொருளை வழங்குவோர் ஒருபுறம், அதனைப் பண்டமாக்கி உரிமை கொண்டாடுவோர் மறுபுறம் என்னும் பிரிவினை, பொருளுற்பத்தியில் மாத்திரமன்றி அறிவுற்பத்தியிலும் நிலவுவதை இங்கு காணலாம்.

வினவுபவர் மாறும்பொழுது விடையும் மாறுமா என்பதே இவ்விடயத்தின் மையப் பிரச்சினை. இதற்குத் தெளிவான சான்றொன்று உண்டு. மனநல சேவைகளைத் தாமே பெற்ற ஆய்வாளர்களை உள்ளடக்கிய ஆய்வுப் பிரிவொன்று இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் உளமருத்துவ நிறுவனத்தில் 2001இல் தோற்றுவிக்கப்பட்டது. அதனைச் சேர்ந்த டயானா றோஸ், தாமும் அச்சேவைகளைப் பெற்றவர். அவரும் பிறரும் பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களத்தின் நிதியுடன், மின்னதிர்ச்சிச் சிகிச்சை பற்றி நோயாளர் தெரிவித்த கருத்துகளை ஆராய்ந்த 35 ஆய்வுகளை மீள்பரிசீலனை செய்து 2003இல் வெளியிட்டனர். அவற்றுள் 26 மருத்துவத் துறையினரால் நடத்தப்பட்டவை. 9 நோயாளராலோ அவர்களது கூட்டுழைப்புடனோ நடத்தப்பட்டவை. சிகிச்சை பயனளித்தது என்று கூறியோரின் விகிதம் முதல் வகையில் உயர்ந்தும் இரண்டாவது வகையில் தாழ்ந்தும் காணப்பட்டது. நினைவிழப்பு நீடித்ததாகக் குறைந்தது மூன்றிலொரு பங்கினர் கூறியிருந்தமையும் வெளிப்பட்டது.

இவ்வேறுபாட்டுக்கான காரணம் கவனத்திற்குரியது. சிகிச்சை முடிந்தவுடன், வைத்தியசாலைச் சூழலில், சிகிச்சையளித்தவரே சில சுருக்கமான வினாக்களைக் கேட்கும்பொழுது, நோயாளி நன்றியுடன் விடையளிக்கின்றார். காலந் தாழ்த்தி, வேறோர் இடத்தில், வேறொருவர் விரிவாகக் கேட்கும்பொழுது அவர் தம் இழப்பினைக் கூறுகின்றார். இங்கு எவரும் பொய்யுரைக்கவில்லை. அதிகார உறவே வேறுபட்டது. றோஸின் ஆய்வு மதிப்புப் பெற்றமைக்கு அவர் துன்புற்றவர் என்பது காரணமன்று என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க முறையியலை அவர் கையாண்டார். பட்டறிவு வினாவைத் தந்தது. முறையியல் விடைக்கு வலுவளித்தது.

அவ்வாறாயின், பட்டறிவுடைய உளவியலாளர் முன்னர் இருந்ததில்லையா? இருந்தனர்; ஆனால் பேசவில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் 1961இல், தமது 17ஆவது வயதில், மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர். தற்கொலைக்கு மீளமீள முயல்வோருக்கென அவர் வகுத்த 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' பற்றிய சோதனை முடிவுகள் 1991இல் வெளிவந்தன. தம் சொந்த நோயினை அவர் பகிரங்கப்படுத்தியதோ 2011இல். மற்றோர் உளவியலாளரான கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், இருதுருவ மனநோய் பற்றிய பெருநூலொன்றை 1990இல் இணைந்தெழுதினார். அந்நோய் தமக்கும் உண்டென்பதை 1995இலேயே நூலாக வெளியிட்டார். இருவர் விடயத்திலும் புலமை முதலில் நிலைநாட்டப்பட்டது, உண்மை பின்னரே கூறப்பட்டது. நிறுவனங்கள் ஆதரித்தது அவர்களது பட்டறிவையன்று. அதனை மறைத்து வைத்த புலமையையே. மறைப்பதற்கு வாய்ப்பற்றவர்களும், நோயினாற் கல்வியே இடையறுந்து போனவர்களும் எத்தனை வினாக்களைத் தம்முடனே கொண்டுசென்றிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தையே அடைந்தனர். கற்பிட்டிக் குடாநாட்டிலும் அவர்களது குடியிருப்புகள் எழுந்தன. இவ்வாறு இடம்பெயர்ந்து இருபதாண்டுகளைக் கழித்தவர்களுள் 450 பேரிடம் செஸ்மல் சிறிவர்தனவும் பிறரும் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 18.8 வீதத்தினரிடம் பொதுவான உளநோய்கள் காணப்பட்டன. ஆனால் நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் 2.4 வீதத்தினரிடமே இருந்தது. வேலையின்மை, உணவுப் பாதுகாப்பின்மை, விதவை நிலை அல்லது மணமுறிவு ஆகியவற்றோடு உளநோய் தொடர்புற்றிருந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் 'மனவடு' என்ற பெயருடன் வெளிநாட்டு நிதி இந்நாட்டுக்குப் பெருகி வந்ததை அறிந்தோருக்கு, இம்முடிவின் பொருள் விளங்கும். நிதி தேடிவந்த நோய் ஒன்று; மக்களை வருத்திய துயர் பெரிதும் வேறொன்று.

இது மதிக்கத்தக்க ஆய்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த 450 பேரும் விடையளித்தவர்களே. வினாக்கொத்தை ஆக்கும் பொறுப்பு அவர்களுள் உளநோயுற்று மீண்ட ஒருவரிடம் இருந்திருப்பின், அளவைகள் கூறாத எதனையேனும் அவர் முதலில் கேட்டிருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் போரினூடே பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத் தாக்கம் பற்றி 1998இல் நூலொன்று வெளியிட்டார். 2007இல் 'கூட்டு மனவடு' என்னும் கருத்தை விரிவாக முன்வைத்தார். தனியாளை நோக்கி அமைந்த மேனாட்டு வகைப்பாடு போதாது என்பதை அவருக்கு உணர்த்தியதிற் சமூகத்தினுள் இருந்தே கண்ட அனுபவத்துக்குப் பங்குண்டு எனலாம். எனினும் குண்டுவீச்சைப் பகிர்ந்துகொண்ட வைத்தியரின் பட்டறிவும், நோயாளியாகக் கட்டிலிற் கிடந்தவரின் பட்டறிவும் ஒன்றல்ல. முன்னது நம் ஆய்வுலகில் இடம்பெற்றுவிட்டது. பின்னது இன்னும் வாயிலிலேயே நிற்கின்றது.

வழிபாட்டிடங்கள் பற்றிய ஆய்வில் இக்குறை மேலும் புலனாகும். தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 உளநோயாளரை உளமருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினர். சராசரி ஆறு வாரத் தங்கலின் பின் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 வீதம் குறைந்திருந்தது. இதற்கு ஓராண்டின் முன்னர், 2001 ஓகஸ்ற் 6இல், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டியிருந்த காப்பகமொன்றிற் சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். முன்னதை மரபின் வெற்றியெனவும் பின்னதை மரபின் கொடுமையெனவும் இரு சாராரும் வாதிடுவர். 'நீர் உம் விருப்பத்துடன் வந்தீரா? போக விரும்பினாற் போகலாமா?' என்பதே கட்டுண்டு கிடந்த ஒருவர் கேட்கும் முதல் வினாவாக இருக்கும். தலவிலவிலும் அதே வினாவோடுதான் தொடங்கல் வேண்டும். எம்மொழியிற் கேட்பது என்பதும் இங்கு சிறு விடயமன்று. இம்மேற்குக் கரையோரக் கத்தோலிக்கருட் பலர் சில தலைமுறைகளிலே தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியவர்கள். பாட்டி செபித்த மொழி ஒன்றாகவும் பேரப்பிள்ளை படித்த மொழி வேறொன்றாகவும் இருக்கும் குடும்பத்தில், துயர் எம்மொழியிற் பேசுமென்பதை வெளியிலிருந்து வருபவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட இயலாது.

இவ்வினாக்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்? 2015 முதல் 2019 வரை உலகில் உளநல ஆய்வுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 370 கோடி அமெரிக்க டொலர் செலவிடப்பட்டதாகவும், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு அதில் 2.4 வீதமே சென்றதாகவும் நிதி வழங்குநரின் சர்வதேசக் கூட்டமைப்பொன்று 2020இற் கணக்கிட்டது. பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளை 2019இல் உளநல ஆய்வுக்கு 20 கோடி பவுணை அறிவித்ததோடு, நோயனுபவமுடையோரின் பங்கேற்பையும் வலியுறுத்தி வருகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பங்கேற்பு வேறு, தலைமை வேறு. ஆலோசனைக் குழுவில் ஓர் ஆசனம் அளித்துவிட்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பழைய கைகளிலேயே விட்டுவைப்பது, அனுபவத்தை அலங்காரமாக்குவதாகும்.

இக்கோரிக்கையின் பலவீனத்தையும் நாம் மறைத்தலாகாது. ஆங்கிலம் வல்ல, நகர்ப்புற, நடுத்தர வர்க்கத்தவரின் நோயனுபவமே 'அனுபவம்' என்ற பெயரில் மேடையேறிவிடும் அபாயம் உண்டு. கொழும்பிலோ இலண்டனிலோ சோர்வுநோயுற்ற உளவியலாளர், கற்பிட்டியின் மீனவப் பெண்ணுக்காகத் தாமே பேசிவிட முடியாது. நோய் ஒன்றாயினும் வர்க்கம் ஒன்றன்று. ஆதலின் பட்டறிவைத் தனிமனித உடைமையாகக் கொள்ளாது, சமூக உறவாகக் காண்பதே முற்போக்கான நோக்காகும்.

இதனடிப்படையிற் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, நோயனுபவமுடைய ஆய்வாளர் முதன்மை ஆய்வாளராக நியமிக்கப்பட்டு, நிதியைக் கையாளும் அதிகாரமும் பெறல் வேண்டும். இரண்டாவது, நோயினால் இழந்த ஆண்டுகள் தகுதிக் குறைவாகக் கணிக்கப்படலாகாது. அதே வேளை, நிதி பெறுவதற்காகத் தம் நோயைப் பகிரங்கப்படுத்துமாறு எவரும் நிர்ப்பந்திக்கப்படவும் கூடாது. மூன்றாவது, தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பிக்கத்தக்க சிறு நிதிகள் நம் பல்கலைக்கழகங்களிலேயே தொடங்கப்படல் வேண்டும். நான்காவது, விடையளிப்போர் இழக்கும் நாட்கூலி ஆய்வுச் செலவாகவே கொள்ளப்படல் வேண்டும். ஐந்தாவது, முடிவுகள் அம்மக்களின் மொழியில் அவர்களிடமே திரும்பிச் சேர்தல் வேண்டும்.

தலவிலவுக்கு வரும் யாத்திரிகர் தம் துயரைத் தாமே எடுத்துரைக்கின்றார். அதற்காக எவரது அனுமதியையும் அவர் வேண்டுவதில்லை. ஆய்வுக்கூடத்தினுள் நுழையும்பொழுதும் அவர் அவ்வுரிமையை இழக்கலாகாது என்பதே இக்கோரிக்கையின் சாரம். அவ்வுரிமையைப் பேச்சளவில் ஏற்றுக்கொள்வோர் தொகை பெருகிவிட்டது. அதனை வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுக்கொள்வோர் யாரென்பதே இனி அறியப்பட வேண்டியது.