லினக்ஸில் கணினி விளையாட்டு: நேரடிப் பெயர்ப்பா, புரோட்டானா?

விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஒரு கணினி விளையாட்டை லினக்ஸில் ஆட இரண்டு வழிகள் உண்டு. அதை உருவாக்கியவரோ அவரிடம் உரிமம் பெற்ற இன்னொருவரோ மூல நிரலைத் திருத்தி லினக்ஸுக்கென்று தனி வடிவம் வெளியிடலாம். இது நேரடிப் பெயர்ப்பு. விண்டோஸ் வடிவத்தைத் தொடாமல், அது கேட்கும் விண்டோஸ் சேவைகளை லினக்ஸ் சேவைகளாக மாற்றிக் கொடுக்கும் இணக்க மென்பொருளின் மேல் ஓடவிடுவது மற்றது. வைனும், வைனை அடித்தளமாகக் கொண்டு வால்வ் நிறுவனம் ஆக்கிய புரோட்டானும் இந்த இரண்டாம் வகை. இரண்டையும் எடைபோட, இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள ஊர்காவற்றுறை நல்ல இடம். அங்கேயும் சூழவுள்ள தீவுகளிலும் கைமாறி வந்த மடிக்கணினியையும் அலைபேசி டேட்டாவையும் நம்பி ஆடுபவருக்கு எது உதவும் என்று பார்த்தால், பெருநகர விமர்சனங்கள் கவனிக்காத பல சிக்கல்கள் வெளிவருகின்றன.

நேரடிப் பெயர்ப்பைத் தொழிலாகச் செய்து பார்த்த முதல் நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் லோக்கி. 1998இல் தொடங்கி, 1999இல் 'சிவிலைசேஷன்: கோல் டு பவர்' விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, தொடர்ந்து பல பெயர் பெற்ற விளையாட்டுகளைப் பெயர்த்தது. வாங்குபவர் போதாமல் 2002 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் அங்கே பணிபுரிந்த சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் நிரலகம் இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளில் திரை, விசைப்பலகை, ஒலி ஆகியவற்றைக் கையாள்கிறது. 2013 பெப்ரவரியில் வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீம் லினக்ஸுக்கு வந்ததும் பெயர்ப்புகளுக்கு ஓர் அலை எழுந்தது. 2018 ஓகஸ்டில் புரோட்டான் வெளியானபின் அந்த அலை தணிந்தது.

தணிந்ததற்குக் காரணம் காண 'வெண்பா'வைப் பார்க்கலாம். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட, அங்கங்கே சிதைந்த சமையல் குறிப்பேட்டைப் படித்து இட்லியும் புட்டும் சமைப்பதுதான் ஆட்டம். 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தீவகத்தில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் வாழும் நகரத்திலிருந்து வந்த விளையாட்டு. ஊர்காவற்றுறையில் ஆடப்பட வேண்டியது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது விண்டோஸுக்கு மட்டுமே வெளியானது. ஒரு சிறிய குழு, சிறு தொகையான லினக்ஸ் பாவனையாளருக்காகத் தனி வடிவத்தைத் தயாரித்து, சோதித்து, ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. புரோட்டான் அந்தச் சுமையைக் குழுவின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது.

அது எப்படி நடக்கிறது? வைன் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலிசெய்வதில்லை. விண்டோஸ் நிரலின் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றுகிறது. கோப்பைத் திற, சாளரத்தை வரை என்று நிரல் விண்டோஸிடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே நின்று லினக்ஸிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கிறது. 1993இல் தொடங்கிய இந்தப் பணி 1.0 என்ற எண்ணைத் தொட 15 ஆண்டுகள் எடுத்தது. கடினமான பகுதி முப்பரிமாண வரைவு. மைக்ரோசொஃப்டின் டைரக்ட்3டி கட்டளைகளை வைன் நெடுங்காலம் ஓபன்ஜிஎல் என்ற பொது வரைவு இடைமுகத்தின் கட்டளைகளாக மாற்றியது. அது மெதுவாகவும் பிழையோடும் நடந்தது. ஃபிலிப் ரெபோலே எழுதிய டிஎக்ஸ்விகே மென்பொருள் அவற்றை வல்கன் என்ற புதிய வரைவு இடைமுகத்துக்கு மாற்றத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. புரோட்டானின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பாவனையில் இது சில சொடுக்குகளில் முடிந்துவிடும். ஸ்டீமில் விளையாட்டின் பண்புகளைத் திறந்து, இணக்கப் பகுதியில் புரோட்டானின் ஒரு பதிப்பைத் தெரிவுசெய்தால் போதும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் போலியான ஒரு சி டிரைவ் தனிக் கோப்புறையாக உருவாகும். முன்னேற்றத்தின் சேமிப்பும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருப்பதால், இடம் போதவில்லையென்று அதை அழித்தால் ஆடியதெல்லாம் போய்விடும். நேரடி வடிவத்தில் ஆடிவந்தவர் புரோட்டானுக்கு மாறும்போதும் மேகச் சேமிப்பு இல்லையென்றால் பழைய முன்னேற்றம் வந்து சேராது.

நேரடிப் பெயர்ப்பு எப்போதும் மேலானது என்ற நம்பிக்கை லினக்ஸ் ஆர்வலரிடம் ஆழமாக உண்டு. அது பாதி உண்மை. நன்றாகச் செய்து, தொடர்ந்து பராமரித்தால் பெயர்ப்பே விரைவானது. ஆனால் பராமரிப்பு நின்றதும் அது கெடத் தொடங்குகிறது. லினக்ஸின் அடிப்படை நிரலகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பத்து ஆண்டுக்கு முந்தைய பெயர்ப்பு புதிய இயங்குதளத்தில் ஏதோவொரு நிரலகம் இல்லாமல் நின்றுவிடும். இதற்காகவே வால்வ் பழைய நிரலகங்களை ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தருகிறது. ஆனால் விண்டோஸின் சேவைகள் பெரும்பாலும் மாறாதவை. அவற்றைப் பின்பற்றும் வைனும் மாறாமல் நிற்கிறது. ஆகவே ஒரே விளையாட்டின் பழைய லினக்ஸ் வடிவம் படுத்துவிட, விண்டோஸ் வடிவம் புரோட்டானில் சீராக ஓடும் விந்தை அடிக்கடி நிகழ்கிறது. 'ராக்கெட் லீக்' விளையாட்டு 2020 மார்ச்சில் தன் லினக்ஸ் வடிவத்துக்கான ஆதரவை நிறுத்தியது; அதன்பின் லினக்ஸ் ஆட்டக்காரருக்குப் புரோட்டானே வழியாயிற்று.

ஆனால் ஊர்காவற்றுறை மேசையில் இந்தத் தீர்ப்பு அப்படியே செல்லாது. வல்கன் புதியது, 2016இல்தான் பிறந்தது. 2022இல் வந்த டிஎக்ஸ்விகே 2.0 தொடக்கம் அதற்கு வல்கன் 1.3 தேவை. இன்டெலின் ஆறாம் தலைமுறை, அதற்குப் பிந்தைய செயலிகளின் உள்ளமைந்த வரைவிக்கு அது கிடைக்கிறது. நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்ததும் கடையில் மலிவாக வாங்கியதுமான பழைய மடிக்கணினிகளில் இந்தத் தலைமுறைகள் தாராளமாக உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தபின் லினக்ஸுக்கு மாற்றப்பட வேண்டியவையும் இவையே. அவற்றில் புதிய புரோட்டான் பெரும்பாலான விளையாட்டுகளைத் திறக்காது. பழைய 7.0 பதிப்பைத் தெரிவுசெய்தால் சில ஓடலாம். பழைய ஓபன்ஜிஎல் வழிக்குத் திருப்பினால் இன்னும் சில தள்ளாடிக்கொண்டு ஓடலாம். அதே கணினியில் ஓபன்ஜிஎல்லுக்கென எழுதப்பட்ட நேரடிப் பெயர்ப்பு எந்த வித்தையும் இல்லாமல் ஓடும். பழைய கணினி வைத்திருப்பவர், ஸ்டீம் கடையில் லினக்ஸ் அடையாளம் இட்ட விளையாட்டுகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

அடுத்தது டேட்டா. புரோட்டானும் அதற்குத் துணையான நிரலகப் பெட்டியும் விளையாட்டுக்கு மேலதிகமாகத் தரவிறங்குகின்றன; புதிய பதிப்பு வரும்போது மீண்டும் இறங்குகின்றன. ஷேடர் எனப்படும் வரைவு நிரல்களை முன்கூட்டியே தொகுத்து அனுப்பும் வசதி ஆட்டத்தின் நடுவே வரும் திக்கலைக் குறைக்கும். ஆனால் அதுவும் டேட்டாவைத் தின்பது. அமைப்புகளில் அதை நிறுத்திவைக்கலாம். நேரடி வடிவத்திலிருந்து புரோட்டானுக்கு மாறினால் விண்டோஸ் கோப்புகள் புதிதாக இறங்கும். எனவே எது வேண்டுமென்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நல்ல இணைப்புள்ள ஒருவரிடம் தரவிறக்கி, வெளி வன்தட்டில், தீவகத்தை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் கொண்டுவருவது நடைமுறைக்கு உகந்த வழி. இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் வடிவமைப்பான என்டிஎஃப்எஸ் தட்டிலிருந்து விளையாட்டை நேரடியாக ஓட்ட முயன்றால் புரோட்டான் பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் நின்றுவிடும். போலி டிரைவுக்கான இணைப்புகளின் பெயரில் முக்காற்புள்ளி வருவதும், அந்த வடிவமைப்பில் அது ஆகாது என்பதும் காரணம். கோப்புகளைக் கணினியின் சொந்த லினக்ஸ் பகுதிக்குப் படியெடுத்துவிட்டால் சிக்கல் தீரும்.

மின்சாரமும் கணக்கில் வரும். குறிகாட்டுவானிலிருந்து படகேறிப் போக வேண்டிய நெடுந்தீவு தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே வாழ்ந்துவந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய இடத்துக்கு, புரோட்டானை மையமாக வைத்து வால்வ் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் கைக்கணினி ஒரு வகையில் பொருத்தமானது: அதன் செயலி 4 முதல் 15 வாட்டுக்குள் இயங்கும், முதல் வடிவத்தின் மின்கலம் 40 வாட்-மணி. 'வெண்பா' போன்ற கனமற்ற விளையாட்டில் அந்த மின்கலம் நெடுநேரம் தாங்கும்.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் இரண்டு வழியுமே கைவிடும் இடம் ஏமாற்றுத் தடுப்பு. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021இல் புரோட்டானுக்கு இடம் கொடுத்தன. அதைத் திறந்துவிடுவதா என்பது விளையாட்டு நிறுவனத்தின் விருப்பம். 'ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ்' முதலில் அனுமதித்து, 2024 ஒக்டோபரில் லினக்ஸைத் தடுத்தது. மாறாக, 'டோட்டா 2', 'கவுன்டர்-ஸ்டிரைக் 2' ஆகியவற்றுக்கு வால்வின் நேரடி வடிவங்களே உண்டு.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை குறை வேறிடத்தில் இருக்கிறது. யூனிட்டி விளையாட்டு எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, எழுத்துக்கு முன்னே வரவேண்டிய ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் நெடுங்காலமாகப் பின்னே தள்ளியே காட்டிவந்தது. விண்டோஸில் ஆடினாலும் புரோட்டானில் ஆடினாலும் லினக்ஸுக்குப் பெயர்த்தாலும் அந்தப் பிழை அப்படியே தொடரும். படைப்பவர் எழுத்துகளைப் படமாக்கியோ தனி எழுத்துரு செய்தோ சமாளிக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4.0 எஞ்சின் இந்திய எழுத்து முறைகளை ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் துணையோடு முறையாக அடுக்குகிறது. லினக்ஸ் வடிவத்தையும் அதே திட்டக்கோப்பிலிருந்து நேரே ஏற்றுமதி செய்கிறது. ஓபன்ஜிஎல் வழியும் அதில் இருப்பதால், அப்படி ஆக்கிய எளிய விளையாட்டு நான்காம் தலைமுறை மடிக்கணினியிலும் திறக்கும்.