ஆறுதலா வாங்கோ

"உங்க பக்கம் எழுப்புதல் இன்னும் வரலியோக்கா?"

பாளையங்கோட்டையில் பெண்கள் மாநாட்டின் இரண்டாம் நாள், சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சி கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள், கேட்டுக்கொண்டே தன் அப்பளத்தில் பாதியை உடைத்து என் இலையில் வைத்தாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பெண்களின் ஒன்றுகூடலுக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று சற்று முன்னர் கேட்டிருந்தாள். அறுபது, எழுபது பேர் என்றேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி. எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே சொல்லாமல் விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னை. எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியத் திருநெல்வேலி. திருச்சபையும் ஒன்றுதான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. கடலுக்கு இப்பால் இருந்துகொண்டே இன்றும் அதன் அங்கமாக இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் சொற்கள் வேறு. அவர்கள் 'திருமண்டலம்' என்பதை நாங்கள் 'ஆதீனம்' என்போம். "ஆதீனமா? அது சைவ மடம்லா?" என்று அவள் திகைத்தாள். எனக்கும் திகைக்க இருந்தது. அவர்களுடைய குருவானவரை 'ஐயர்' என்கிறார்கள். எங்கள் ஊரில் ஐயர் என்றால் கோயிலில் பூசை செய்பவர். பல ஊர்ச் சபைகளை ஒன்றாகச் சேர்த்துச் 'சேகரம்' என்கிறார்கள். அந்தச் சொல் மட்டும் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சேகரம் சேகரமாகத்தான் வந்து இறங்கினார்கள். வானுக்கு முன்னால் சேகரத்தின் பேர் எழுதிய துணி, பின்னால் தண்ணீர்க் குடம், நடுவில் பாட்டு. பந்தல் நிறைந்து வெளியே வேப்பமரத்தடி வரைக்கும் பெண்கள். வேத வினாவில் போட்டி, பாட்டில் போட்டி, மனப்பாட வசனத்தில் போட்டி. பேச்சாளர் "கைகளை உயர்த்துங்க" என்றதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். ஐப்பசி மழை தகரத்தில் விழுவதுபோல் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1778இல் ஞானஸ்நானம் பெற்று, 1785இல் அதே ஊரில் ஆலயம் கட்டுவித்த குளோரிந்தாவின் மண் அது. சாராள் தக்கர் பேரில் பெண்களுக்குக் கல்லூரி நிற்கிற ஊர்.

அதற்காக எங்களை உறங்கிக் கிடக்கிறவர்கள் என்று நினைத்துவிட முடியுமா? 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியதே யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களால்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1824இல், உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியாயிற்று. 1840இல் அங்கே வந்த எலிசா அக்னியூ அம்மையார் சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். 'ஆயிரம் பிள்ளைகளின் தாய்' என்று பேர் பெற்றவர். படித்து முடித்துப் போன பிள்ளைகளை அவரவர் ஊருக்கே தேடிப்போய்ப் பார்ப்பாராம். எங்கள் ஒன்றுகூடல்கள் அவர் அப்படிப் போய் இருந்த வீட்டுத் திண்ணைகளில் பிறந்தவை என்றே நான் நினைக்கிறேன். பந்தலில் பிறந்தவையல்ல.

எங்களிடம் போட்டி கிடையாது. காலையில் பிடியரிசிப் பைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஒதுக்கிச் சேர்த்த அரிசி. அம்மம்மா செய்தது, அம்மா செய்தது, நான் செய்வது. வேதபாடம் முடிய, கதிரைகளை ஆறு ஆறாக வட்டம் போட்டு இருப்போம். தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் வரும். பிறகு கதைப்போம். 1995இல் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்த வருடம், தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ்ப் பன்னிரண்டு பேர் கூடினோம். அன்றைக்கும் வட்டம்தான், கதிரைதான் இல்லை.

வன்னியிலிருந்து ஓர் அக்கா வருவார். 2009 போருக்குப் பிறகு மகனைக் காணவில்லை. இரண்டு வருடம் வந்தார், வட்டத்தில் இருந்தார், வாய் திறக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. மூன்றாம் வருடம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மகனின் பேரை மட்டும் சொன்னார். பக்கத்தில் இருந்த வயதான ஆசிரியை தன் வேதாகமத்தின் கடைசி வெற்றுத் தாளைத் திறந்து, "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ பிள்ளை" என்று கேட்டு, அந்தப் பேரைப் பென்சிலால் எழுதினார். ஒருவரும் 'எல்லாம் சரிவரும்' என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்த அக்கா இன்னொரு தாயைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கச்சி, எங்கள் எழுப்புதல் இதுதான்.

நாங்கள் இதை 'ஆறுதல்' என்போம். அவர்கள் ஊரில் அந்தச் சொல்லை இழவு வீட்டில் சொல்வார்கள். மாநாட்டில் கேட்டதெல்லாம் 'உற்சாகம்', 'அபிஷேகம்', 'ஜெயம்'. எங்களுக்கோ ஆறுதல் என்றால் அவசரமில்லாமை என்றும் பொருள். "ஆறுதலா இருந்து கதைப்பம்", "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்போம். தேற்றுவதற்கும் அவசரப்படாமல் இருப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. சூடான பாலை ஆற்றுவது போல, மனம் ஆறவும் நேரம் வேண்டும்.

எங்கள் ஒன்றுகூடலுக்கு நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியவள். பாளையங்கோட்டைப் பந்தலில் இருந்தது இரண்டு நாள். அந்த இரண்டாம் நாள் பின்னேரம் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். சத்த ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அதே தங்கச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். அத்தனை சத்தத்தில் அவள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை; ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பீடி சுற்றுகிறவள், இலை வெட்டும் கத்தரி பெருவிரலடியில் காய்ப்பு ஏற்றியிருந்தது. ஜெபம் முடிய, "ரெண்டு நாள் கூலி போச்சுக்கா. வீட்ல அழ இடமில்ல. இங்க அழுதாத்தான் வருசம் ஓடும்" என்றாள். அந்தச் சத்தம் அவளுக்கு மறைப்பு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனாலும் அவள் தன் துக்கத்தைச் சொல்லும்வரை அந்தப் பந்தலில் ஒருவரும் காத்திருக்கவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் வட்டத்தில் ஒரு கதிரை அவளுக்கு இருக்கிறது.

வான் புறப்படும்போது அவளுடைய கையைப் பிடித்து, "எங்கட ஊருக்கு ஒருக்கா ஆறுதலா வாங்கோ" என்றேன்.

"ஆறுதலுக்கா?" என்றாள், சொல் பிடிபடாமல்.

"ஓம். அதுக்குத்தான்."